சங்கிலி போடாத இறக்கம்

அடுப்புக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள் டிரிஃபி. உள்ளே இரண்டு கட்டைகள் ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தன. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பார்த்தபோதும் அப்படித்தான் எரிந்தன. வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். உறைந்து கிடந்த விரிகுடாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். கெட்டிலைத் தொட்டுச் சூடு பார்த்தாள். காலண்டரில் தாள் கிழிக்கப் போனவள், இன்றைய தாளை ஏற்கெனவே கிழித்தாயிற்று என்று கண்டு கையை இறக்கிக்கொண்டாள். காலை எட்டு மணிக்குள் சமையலறையைப் பதினோரு முறை சுற்றியாகிவிட்டது. டாக்டர் சொல்லி அனுப்பியது ஒரு நாளைக்கு நான்கு முறை.

வீட்டுக்குள்ளேயே பனிக்கால்சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். இடுப்பில் ஒரு தகடும் ஒன்பது திருகாணிகளும், இடது தொடைக்குள் நீளமாக ஒரு கம்பியும் இருக்கிற பெண்மணிக்கு அதை மாட்டுவது சாமானிய வேலை இல்லை. தினமும் காலையில் கடை திறக்கப் போகிற வழியில் பெனிக்னாதான் வந்து மாட்டிவிடுவாள். எங்கே புறப்பாடு என்று கேட்டுக்கொண்டே மாட்டுவாள்.

“போட்டுக்கிட்டா போறாப்புல இருக்குடி,” என்பாள் டிரிஃபி. “கழட்டிப்போட்டா நோயாளி ஆயிடுவேன்.”

வயது ஐம்பத்தாறு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரை துடைத்து, குப்பை அள்ளி, கொதிகலனைப் பார்த்துக்கொள்கிற வேலை. அது சம்பளத்துக்கு. பிழைப்பு என்று அவள் மனசுக்குள் வைத்திருந்தது விறகு. ஜனவரி பிறந்துவிட்டால் பள்ளி விட்ட கையோடு பனிவண்டியைக் கிளப்புவாள். பின்னால் கயிற்றில் கோமடிக், நீளமான மரச்சறுக்கு, ஆடிக்கொண்டே தொடரும். இருட்டுவதற்குள் ஒரு நடை, சனிக்கிழமையானால் நான்கு நடை. தனக்கு மட்டுமில்லை, காட்டுக்குப் போக முடியாத இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து. கல்யாணம் ஏன் கட்டவில்லை என்று வெளியூர் நர்ஸ் ஒருத்தி ஒரு தடவை கேட்டாள். குளிர்ல ஒரு எஞ்சினைக் கிளப்புறதுக்கே உசுரு போகுது, இதுல இன்னொன்னா என்றாள் டிரிஃபி.

ஜன்னல் பக்கம் திரும்பாமலே வெளியில் போவது யார் என்று சொல்வாள். வண்டிச் சத்தம் போதும். “ஓபெத் போறான். இன்னும் பெல்ட்டு மாத்தல, சனியன் புடிச்சவன்.” “பாதிரியார் வீட்டம்மா. இவங்களுக்கு ஓடையில வேகம் கொறைக்கத் தெரியாது.” காது இப்படித் தீட்டிக்கொண்டு போனதற்கு உட்கார்ந்தே கிடப்பதும் ஒரு காரணம். ஏப்ரல் நடுவில் இந்தக் கரையில் எல்லோரும் காட்டில் இருப்பார்கள். பகல் நீண்டிருக்கும், பனியின் மேல்தோடு ரொட்டி ஓடு போல இறுகியிருக்கும், வண்டி மிதந்துகொண்டு போகும். அடுத்த குளிருக்கு வேண்டிய விறகில் பெரும்பகுதி இந்த ஆறு வாரத்தில்தான் வீடு வந்து சேரவேண்டும். தெற்குக் காற்று அடித்து உறைந்த ஓடை வாய் திறந்துவிட்டால் பாதை போச்சு. முற்றத்தில் என்ன கிடக்கிறதோ அதை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் பல்லைக் கடிக்க வேண்டியதுதான்.

அவளுடைய முற்றத்தில் இந்த வருஷம் பதினெட்டு சுமை கிடக்கிறது. அவள் ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. அத்தனையும் ஹேவர்ட் கொண்டுவந்து போட்டது.

ஹேவர்ட் டீசல் மின்நிலையத்தில் மெக்கானிக். மூன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. முப்பது வருஷமாக இருவரும் சேர்ந்தேதான் காட்டுக்குப் போவார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். அவன் பேசுவது குறைவு. அவள் அவனுக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். ஊரில் வெல்டிங் தெரிந்த கை அவன் கை ஒன்றுதான். வண்டிக் கொக்கி, அடுப்புக் கதவு, படகு நங்கூரம், தேவாலயத்து மணியின் நாக்கு, எது உடைந்தாலும் அவன் கொட்டகைக்குத்தான் வரும்.

ஜனவரி இருபத்து நான்காம் தேதி இரண்டாவது நடை. விறகுச் சுமையோடு குன்றிறக்கம் வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, பனியில் முட்டி போட்டு, கோமடிக்கின் சறுக்குக்கட்டை மூக்கில் சங்கிலி ஒன்றைச் சுற்றிவிட வேண்டும். சங்கிலி பனியைக் கீறிக்கொண்டு வரும். சுமை பின்னாலேயே நிற்கும். சங்கிலி இல்லாவிட்டால் சுமை முந்திக்கொண்டு ஓட்டுகிறவர் முதுகில் ஏறும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். குன்றின் உச்சியில் நின்று, போகிற வருகிற இளவட்டங்களை நிறுத்தி “சங்கிலி போட்டியாடா?” என்று சத்தம் போடுகிற ஆளே டிரிஃபிதான். அவளுடைய சங்கிலியைப் பழைய படகுச் சங்கிலியிலிருந்து வெட்டி, கண்ணி சேர்த்து, பற்றவைத்துக் கொடுத்தது ஹேவர்ட்.

அன்றைக்குக் குன்றின் உச்சியில் பூப்போலப் பொடிப்பனி முழங்கால்வரை கிடந்தது. பார்த்தாள். இந்தப் பனியே பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டாள். நாற்பது வருஷம் பனியைப் பார்த்த கண் போட்ட கணக்கு. இறங்கவில்லை, முட்டி போடவில்லை. பாதிக் குன்றுவரை கணக்கு சரியாகவே இருந்தது. கீழ்ப்பாதியைக் காற்று ராத்திரியோடு ராத்திரியாகத் துடைத்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தது. பின்னால் சுமை முனகுவதைக் கேட்டாள். அதற்குப் பிறகு வானம்தான் ஞாபகம்.

பின்னால் இறங்கி வந்த ஹேவர்ட் கட்டைகளைத் தூக்கி எறிந்து அவளைத் தோண்டி எடுத்தான். முகத்தை அவள் முகத்தருகே வைத்து, “சங்கிலி அறுந்துச்சா? என் வெல்டிங்கா விட்டுப்போச்சு?” என்று கேட்டான். வலி உயிரைத் திருகிக்கொண்டிருந்தது. அவன் கேட்பதை நிறுத்தினால் போதும் என்றிருந்தது. தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாள்.

இங்கே ஒவ்வொரு சமையலறையிலும் பேச்சு ரேடியோ ஒன்று எந்நேரமும் கரகரத்துக்கொண்டிருக்கும். மாவு கடன் கேட்பதிலிருந்து மரண அறிவிப்புவரை அதில்தான். ஹேவர்ட் இடுப்பிலிருந்த கைக்கருவியை எடுத்து உதவி கேட்டான். என்ன ஆச்சு என்று யாரோ கேட்டதற்கு, “என் வெல்டிங் விட்டுப்போச்சு” என்றான். ஊர் முழுக்க அதை அவன் வாயாலேயே கேட்டது.

விமானம் வந்தது. தெற்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது வாரம். ஒவ்வொரு ஞாயிறும் அவன் போன் பண்ணினான். ஒவ்வொரு தடவையும் முதல் சொல், மன்னிச்சுக்கோ. ஒன்பது ஞாயிறு அவளுக்குக் கிடைத்தன. ஒன்பதிலும் அவள் அங்கே பனி எப்படி என்று கேட்டாள்.

அறுந்து பனியில் புதைந்திருக்கும் என்று ஊர் நினைத்த சங்கிலி எங்கேயும் தொலையவில்லை. டிரிஃபி பகலில் சாய்ந்துகொள்கிற சமையலறைக் கட்டிலுக்கு அடியில், அவளுடைய காட்டுச் சாப்பாட்டுப் பெட்டிக்குள், தேயிலை டப்பாவுக்கும் காய்ந்த ரொட்டிக்கும் நடுவில் கண்ணி குலையாமல் சுருண்டு கிடக்கிறது. பெட்டியைப் பத்திரமாக வீட்டில் சேர்த்தவன் ஓபெத். ஒருத்தர் சாப்பாட்டுப் பெட்டியை இன்னொருத்தர் திறப்பது இங்கே வழக்கமில்லை. ஆகவே அது அப்படியே இருக்கிறது. ஊரார் இவள் தூக்கம் வராமல் புரள்வதற்கு ஒன்பது திருகாணிகளைக் காரணம் சொல்கிறார்கள்.

ஊர் அவளைத் தாங்கிய விதத்தைக் குறை சொல்ல முடியாது. அவள் வந்திறங்குவதற்கு முன்பே வாசல் படிகளுக்குப் பக்கத்தில் பலகைச் சரிவு அடித்து வைத்திருந்தார்கள். சாம்பல் அள்ள ஒருவர், தண்ணீர் எடுக்க ஒருவர் என்று முறை வைத்து, கடைக் கதவில் தாள் ஒட்டியது பெனிக்னா. கடையில் கல்லாவில் உட்காருகிறவளுக்கு யார் சும்மா இருக்கிறார்கள் என்பது அத்துப்படி. புகைபோட்ட மீன் வந்தது, கௌதாரி சூப் வந்தது, பெயர் எழுதாத பாத்திரங்களில் ஏதேதோ வந்தன. வெள்ளிக்கிழமைச் சீட்டுக் கச்சேரி பெனிக்னா வீட்டிலிருந்து இங்கே இடம் மாறியது. தட்டாமல் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள், பூட்ஸை உதறுவார்கள், “இரும்புக்கடை எப்படி ஓடுது?” என்று அவள் இடுப்பை விசாரிப்பார்கள். அவளும் விடமாட்டாள், துருப்பிடிக்காம பாத்துக்கிறேன், உன் மூளையாட்டம் விட்டுறல என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஹேவர்ட் சிரிக்கமாட்டான். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்புக்கு விறகு போட எழுந்து போவான்.

அவளைக் குடைந்தது அதுதான். தன் பெயர் போய்விடும் என்ற பயம் முதல் வாரத்தோடு தேய்ந்துவிட்டது. இன்னொரு பயம் வளர்ந்தது. மின்நிலையத்தில் வேலை முடித்து, முகம்கூடக் கழுவாமல் இவன் தினமும் காட்டுக்குப் போய்த் தனக்காக விறகு இழுக்கிறானே, இது கூட்டாளிக்காகவா, குற்றத்துக்காகவா? உண்மையைச் சொன்ன மறுநாள் அந்த வண்டிச் சத்தம் வருமா?

பெனிக்னா ஒருநாள் காலை இவள் காலுக்குள் கால்சட்டையைத் திணித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். ஹேவர்ட் வீட்டு முற்றத்தில் இன்னும் ஒரு சுமைகூட இறங்கவில்லையாம். அவன் மனைவி கடைக்கு வந்தபோது வாயைத் திறக்காமல் மாவை மட்டும் வாங்கிக்கொண்டு போனாளாம்.

“நீயாவது அவங்கிட்ட சொல்லேண்டி, போதும்னு. பதினெட்டு சொம. ரெண்டு குளிருக்குக் காணும்.”

“சொன்னேன்,” என்றாள் டிரிஃபி.

“என்ன சொன்னான்?”

“அடியில பிர்ச் மரக்கட்டை போட்டிருக்கேன், மேல இருக்கிறத மொதல்ல எரின்னான்.”

அன்று மாலை பத்தொன்பதாவது சுமையோடு அவன் வந்தபோது, சொல்லிவிடுவதென்று டிரிஃபி தீர்மானமாக இருந்தாள். தேநீர் ஊற்றி மேசைமேல் வைத்தாள். அவன் கையுறையைக் கழற்றாமல் கதவோரத்திலேயே நின்றான். உட்காருடா என்றாள். தொப்பியிலிருந்து பனி சொட்டுகிறது, தரை நனையும் என்றான். பள்ளிக்கூடத்துத் தரையையே முப்பது வருஷம் துடைச்சவ நான் என்றாள். அதற்கும் அவன் உட்காரவில்லை. அவன் கண் அவள் முகத்துக்கு வராது; வாக்கரின் நான்கு கால்களுக்குத்தான் போகும். அவள் வாயைத் திறந்தாள். “வடக்குப் பக்கம் பனி எப்படி?” என்று கேட்டாள். பரவாயில்லை என்றுவிட்டுப் போனான். தேநீரை அவளே குடித்தாள். ஆறிப்போயிருந்தது. அன்று சமையலறையை எத்தனை முறை சுற்றினாள் என்று கணக்கில்லை.

வியாழக்கிழமை காற்று தெற்குக்குத் திரும்பியது. கூரை விளிம்பு சொட்ட ஆரம்பித்தது. மத்தியானம், பெனிக்னா சாப்பாட்டு இடைவேளையில் வந்து அவளுக்குத் தலை அலசிவிட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ கரகரத்தது. ஓபெத்தின் குரல். காட்டில் இருக்கிறானாம், வண்டிக் கொக்கி வேரோடு பிய்ந்துவிட்டதாம், சுமை பாதையில் நிற்கிறதாம், ஹேவர்ட் இருக்கிறானா?

“இருக்கேன்,” என்றது ஹேவர்ட்டின் குரல்.

“எப்படியாச்சும் இழுத்துட்டு வந்துடுறேன். சாயங்காலம் கொக்கியப் பத்தவச்சுக் குடுத்துடு. காத்து திரும்பிடுச்சு பாரு.”



“நான் இப்ப அதெல்லாம் செய்யிறதில்ல, ஓபெத்து.”

“என்னது?”

“வெல்டிங்கு செய்யிறதில்ல. விட்டுட்டேன். தெக்க இருக்கிற ஊர்ல யாரையாச்சும் பாரு.”

தெற்கே அடுத்த ஊர் எழுபது மைல்.  அவன் சொன்னதை ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

டிரிஃபி ஈரத் தலையோடு எழுந்தாள். சோப்பு நுரை கழுத்தில் வழிந்தது. உட்காருடி விழுந்துடுவ என்று பெனிக்னா தோளைப் பிடித்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வாக்கரைக்கூட எடுக்கவில்லை. தொட்டி விளிம்பு, மேசை, நாற்காலி முதுகு என்று பிடித்துக்கொண்டே போய், சுவரில் தொங்கிய ஒலிவாங்கியைப் பறித்து அழுத்தினாள்.

“நான் டிரிஃபி பேசுறேன். எல்லாரும் கேக்குறீங்க, தெரியும். ஹேவர்டு, நீயும் கேளு. அந்தச் சங்கிலி அறுந்து போகல. நான் போடவே இல்ல. பொடிப்பனி புடிச்சுக்கும்னு நெனச்சுக் குன்றுல எறங்கிட்டேன். சங்கிலி என் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள கெடக்கு, என் கட்டிலுக்கு அடியில. ஒரு கண்ணி கொலையல. நீ கேட்டப்ப ஆமான்னு தலையாட்டுனேன். அப்ப வலி. அப்புறம் வலி இல்ல. அப்பவும் நான் சொல்லல.”

விரலை எடுத்தாள். இரைச்சல்.  நூற்றுப்பத்து வீட்டுச் சமையலறைகளில் கரண்டி நின்றிருக்கும். கடைசியில் ஒரே ஒரு ‘டக்’ கேட்டது. யாரோ பொத்தானை அழுத்தி, ஒன்றும் சொல்லாமல் விட்ட சத்தம். யாருடையது என்று தெரியாது. வண்டிச் சத்தங்களை அடையாளம் சொல்கிற காது அந்த ‘டக்’கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

பெனிக்னா துண்டை எடுத்து அவள் தலையை அழுத்தித் துடைத்தாள், கொஞ்சம் அதிகமாகவே அழுத்தி.

“எம்பது நாளு,” என்றாள். “அவன் பொண்டாட்டி மூஞ்சிய தெனமும் பாக்குறவ நான். எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல.”

“உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி.”

“இப்ப மட்டும் யாருக்குடி சொன்ன?”

இருவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. பெனிக்னா மேலங்கியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லாமல் போனாள்.

அன்று மாலை ஹேவர்ட்டின் வண்டி வரவில்லை. ஐந்தரைக்கு வர வேண்டியது. ஆறு, ஏழு. டிரிஃபி ஜன்னலிலிருந்து அடுப்புக்கும் அடுப்பிலிருந்து ஜன்னலுக்கும் நடந்தாள். வண்டிகள் போயின, ஒவ்வொன்றையும் பெயரோடு அனுப்பிவைத்தாள். தாள்முறைப்படி சாம்பல் அள்ள வந்தவர் அள்ளிக்கொண்டு போனார், இடுப்பை விசாரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பெனிக்னா வந்தாள். முகம் உர்ரென்று இருந்தாலும் வந்தாள். கால்சட்டையை மாட்டிக்கொண்டே, முந்தின நாள் சாயங்காலம் ஹேவர்ட்டின் கொட்டகை ஜன்னலில் நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்ததாகவும், ஓபெத் இன்று விடிந்ததும் காட்டுக்குப் போய்விட்டதாகவும் சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் குன்றுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. எஞ்சின் தாழ்ந்து, சுமையை உணர்ந்து, ஓடையருகே வேகம் குறைத்து. அவளுக்குத் தெரிந்த சத்தம், ஹேவர்ட்டின் வண்டி. வண்டி அவள் வீட்டைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போகும் என்று நினைத்தாள். போகட்டும், போகத்தான் வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வண்டி அவள் முற்றத்தில் திரும்பி நின்றது.

அவன் உள்ளே வரவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை அவள் குவியலின் மேல் எறிய ஆரம்பித்தான். அவற்றை அடுக்கவில்லை. எறிந்தான்.

டிரிஃபி மேலங்கியை மாட்டி, கைத்தடியை எடுத்து, பலகைச் சரிவில் பக்கவாட்டாக அடி வைத்து இறங்கினாள். வீடு திரும்பியதிலிருந்து அவள் தனியாக வெளியே வருவது அதுதான் முதல் தடவை. பனி இளகிச் சொதசொதத்தது. அவன் பார்த்தான். வந்து பிடிக்கவில்லை. அதுவும் முதல் தடவை.

“தூக்கமே இல்ல எனக்கு,” என்றான், இன்னொரு கட்டையை எறிந்துகொண்டே. “ஊர்ல நான் ஒட்டவச்ச ஒவ்வொன்னையும் நெனச்சுப் பாத்தேன். எது எப்ப உடையும், யாரு மேல விழும்னு. மணி அடிக்கிறப்பெல்லாம் பயந்தேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

அவன் நின்றான். முதல் முறையாக வாக்கரையோ தடியையோ பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்போல் இருந்தது. அவன் குனிந்து அடுத்த கட்டையை எடுத்தான்.

“பின்ன எதுக்குடா கொண்டாந்த?” என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

“வெட்டிப் போட்டிருந்தேன். கெடந்துச்சு,” என்றான். “உன் வீடு வழியில இருக்கு.”

கூரையிலிருந்து ஒரு பனிப்பாளம் சரிந்து விழுந்தது. தெற்குக் காற்றில் ஓடையின் மணம் இருந்தது. பாதைக்கு இன்னும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

டிரிஃபி தடியைப் பனியில் குத்தி நிறுத்தினாள். குவியலோரமாகப் பின்பக்கத்தைச் சாய்த்து, வலது காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, கைக்கு எட்டிய கட்டை ஒன்றை உருவி, அரைவாசி காலியாகிவிட்ட அவன் கோமடிக்கின் மேல் தூக்கிப் போட்டாள். ஒன்பது திருகாணிகளும் ஒன்றாகச் சேர்ந்து கத்தின. இன்னொன்றை உருவினாள். போட்டாள்.

“என்ன பண்ற நீ?”

“உன் வீடும் வழியிலதான் இருக்கு.”

அவன் தான் எடுத்த கட்டையை மார்போடு அணைத்தபடி நின்றான். எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாதவன்போல் குவியலைப் பார்த்தான், கோமடிக்கைப் பார்த்தான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, கையுறை போட மறந்த கையை அந்தக் கட்டைக்காக அவன் முன்னால் நீட்டினாள்.